தியேட்டரில் குறை சொன்னால் யாரும் கேட்பதில்லையே, ஏன்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தியேட்டர். படம் மங்கலாகத் தெரிந்தது. வசனம் பாதி புரியவில்லை. வாசலில் நின்ற பையனிடம் போய்ச் சொன்னால் உதட்டைப் பிதுக்கினான். மேனேஜர் வருவார் என்றார்கள். படம் முடியும்வரை வரவில்லை. வீட்டுக்கு வந்து மின்னஞ்சல் அனுப்பினால் "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒற்றை வரியில் பதில். ஏன் இப்படி நடக்கிறது, புகார் செய்வதில் ஏதாவது பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயன் உண்டு. ஆனால் அது எப்போது, யாரிடம், என்ன வார்த்தையில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. புரொஜெக்டர் ரூமிலும், பிறகு அரங்குகளுக்குக் கருவிகள் பொருத்திச் சரிபார்க்கும் வேலையிலும் இருந்தவன் என்பதால், உள்ளே என்ன நடக்கிறது என்பதிலிருந்து சொல்கிறேன். அது தெரிந்தால் யாரிடம் எதைக் கேட்பது என்பது தானாகப் புரியும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: நீங்கள் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் கட்டடத்தில் சம்பளம் வாங்கும் ஒருவர்கூட அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. புரொஜெக்டர் ரூமில் பெரும்பாலும் ஆளே கிடையாது.

ஃபிலிம் காலத்தில் ஒரு ரீல் 2,000 அடி; ஓடினால் 20 நிமிடம், கொஞ்சம் கூடக் குறைய. இரண்டு மெஷின்களை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வந்து போகும். அதைப் பார்த்துத்தான் ஆபரேட்டர் அடுத்த மெஷினுக்கு மாறுவார். திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியாத வேலை அது. ஃபோகஸ் போனால் அடுத்த நொடியே அவருக்குத் தெரியும். பிறகு படத்தை முழுவதுமாக ஒட்டி ஒரே பெரிய தட்டில் படுக்கவைத்து ஓட்டும் முறை பரவியது. ஒரே ஆபரேட்டர் பல திரைகளைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியது அப்போதுதான். ஆகவே, டிஜிட்டல் வந்துதான் ஆபரேட்டர் போனார் என்பது முழு உண்மை இல்லை. டிஜிட்டல் அந்தக் கதையை முடித்து வைத்தது, அவ்வளவே.

ஏழு ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் 2002-இல் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கி, 2005-இல் டிஜிட்டல் திரையிடலுக்கான பொது விதிமுறையை வெளியிட்டன. அதற்கடுத்த பத்தாண்டுகளில் உலகம் முழுக்க அரங்குகள் மாறிவிட்டன. இப்போது படம் என்பது நூறு, இருநூறு ஜிகாபைட் அளவுள்ள கோப்புகள். சர்வரில் ஏற்றி, விளம்பரம், டிரெய்லர், படம் என்று வரிசையாகப் பட்டியல் போட்டுவிடுவார்கள். எங்கே லைட் அணைய வேண்டும், எங்கே திரையோரக் கறுப்புத் துணி நகர வேண்டும், எங்கே வால்யூம் மாற வேண்டும் என்ற கட்டளைகளும் அதே பட்டியலுக்குள் செருகப்பட்டிருக்கும். குறித்த நேரத்தில் ஷோ தானாகவே தொடங்கும். அலுவலகக் கணினியில் "ஓடிக்கொண்டிருக்கிறது" என்று காட்டும். படம் கலங்கலாக இருப்பதோ, தலைகள் வெட்டுப்படுவதோ, லைட் பாதி அணைந்து நிற்பதோ அந்தக் கணினிக்குத் தெரியாது. உள்ளே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு மட்டுமே தெரியும்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஆளை எடுத்துவிட்டு இயந்திரத்தை வைத்தது குற்றமில்லை. நன்றாகப் பராமரித்தால் டிஜிட்டல் படம் முதல் நாளும் ஐம்பதாவது நாளும் ஒரே மாதிரி இருக்கும், கீறல் விழுந்த பிரிண்ட் என்ற பேச்சே இல்லை. ஆனால் பார்க்கும் ஆளை எடுத்துவிட்ட பிறகு, பார்வையாளர் சொல்வதைக் கேட்கும் வழியையாவது அகலமாகத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதையும் அடைத்துவிட்டார்கள். இதை நான் சேவைக் குறைவு என்று மட்டும் சொல்ல மாட்டேன். தன் அரங்கில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு நிர்வாகத்துக்கு மிச்சமிருந்த ஒரே வழியை அந்த நிர்வாகமே மூடிவிட்டது.

இனி நீங்கள் சொன்ன மங்கல். "படமே அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள்" என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சில படங்கள் உண்மையிலேயே இருட்டாகத்தான் எடுக்கப்படுகின்றன. ஆனால் அளந்து பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. வெறும் வெள்ளையைத் திரையில் விட்டால், நடுத்திரையில் வெளிச்சம் 48 நிட்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது 2டி படத்துக்கான தரம். பழைய கணக்கில் 14 ஃபுட்-லாம்பர்ட். சற்று முன்பின் இருக்க இடமுண்டு. ஒளிப்பதிவாளரும் வண்ணம் திருத்துபவரும் அந்த அளவில் பார்த்துத்தான் படத்தை முடிக்கிறார்கள். உங்கள் தியேட்டரில் அதில் பாதிதான் வருகிறதென்றால், இரவுக் காட்சிகளில் முகமே தெரியாது. அதற்கு இயக்குநரைக் குறை சொல்லிப் பயனில்லை.

வெளிச்சம் ஏன் குறைகிறது? பழைய வகைப் புரொஜெக்டர்களில் இருப்பது செனான் லேம்ப். அதன் வாட்டைப் பொறுத்து ஆயுள் சுமார் 500 மணி நேரத்திலிருந்து 3,000 மணி நேரம்வரை மாறும். பெரிய திரைக்கான பெரிய லேம்ப் சீக்கிரம் தேயும். மின்முனையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் உள்கண்ணாடியில் படிந்து படிந்து லேம்ப் கறுக்கும். ஒரே நாளில் இருட்டாவதில்லை, நாளுக்கு நாள் கொஞ்சமாக மங்கும். அதனால் அங்கேயே வேலை செய்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. நாளுக்கு 13 மணி நேரம் ஓடும் அரங்கில் 1,000 மணி நேர லேம்ப் இரண்டரை மாதத்தில் தீர்ந்துவிடும். விலையோ அதிகம். "இன்னும் எரிகிறதே" என்று தள்ளிப்போடும் பழக்கம் அங்கிருந்து வருகிறது. மின்னோட்டத்தைக் குறைத்து ஓட்டினால் ஆயுள் கூடும் என்றொரு நம்பிக்கையும் முதலாளிகளிடம் உண்டு. தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால் சுடர் ஆடும், மின்முனை கெடும். மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும். லேசர் புரொஜெக்டர்களில் இந்தத் தொல்லை குறைவு, பல்லாயிரம் மணி நேரம் ஓடும். ஆனால் அவையும் மெதுவாக மங்குபவைதான். அளக்காமல் விட்டால் அங்கேயும் இதே கதை.

மங்கலுக்கு இன்னொரு காரணம் 3டி. 3டி படத்துக்காகப் பொருத்திய லென்ஸையோ, ஒளியை வடிகட்டும் தகட்டையோ கழற்றாமல் அப்படியே 2டி படத்தையும் ஓட்டிவிடுவார்கள். பாதிக்கு மேல் ஒளி அதிலேயே போய்விடும். 2011-இல் பாஸ்டன் குளோப் நாளிதழ் அமெரிக்க அரங்குகளில் இது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்று விரிவாக எழுதியது. கண்டுபிடிக்க ஒரு வழியும் அதில் இருந்தது: சில வகைப் புரொஜெக்டர்களில் இந்த லென்ஸ் கழற்றப்படாமல் இருந்தால், பின்னால் திரும்பிப் பார்க்கும்போது ஜன்னலிலிருந்து ஒளிக்கற்றை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டாகத் தெரியும். 2டி படத்துக்கு அப்படித் தெரிந்தால் உடனே எழுந்து போய்ச் சொல்லுங்கள். கழற்றிச் சரிசெய்யும் வேலை பெரியதில்லை. ஆனால் அதற்குத் தெரிந்த ஆள் வேண்டும்.

நடுவில் பளிச்சென்றும் ஓரங்கள் இருட்டாகவும் இருந்தால் அது வெள்ளித்திரை. பேச்சுவழக்கில் சொல்லும் வெள்ளித்திரை இல்லை. 3டிக்காக உண்மையிலேயே உலோகப் பூச்சுப் பூசிய திரை. அதை ஒரே இரவில் யாராலும் மாற்ற முடியாது. நடு இருக்கையாகப் பார்த்து எடுப்பதுதான் வழி. ஒட்டுமொத்தமாகப் பால் கலந்தாற்போல் வெளிறிப் படம் கலங்கினால், பெரும்பாலும் புரொஜெக்டர் ரூம் ஜன்னல் கண்ணாடியில் அழுக்கு. துடைக்க ஒரு துணி போதும். அந்தத் துணியை எடுக்கச் சொல்ல ஒரு புகார் வேண்டியிருக்கிறது! வெள்ளை எழுத்துகளின் ஓரத்தில் சிவப்போ பச்சையோ கசிந்தால், புரொஜெக்டருக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாகப் படம் தரும் மூன்று பலகைகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று பொருள். அது டெக்னீஷியன் வந்து செய்ய வேண்டியது. படத்தின் மேல்பகுதி துணியில் விழுந்தாலோ, தலை வெட்டுப்பட்டாலோ, ஆட்கள் ஒல்லியாக இழுபட்டுத் தெரிந்தாலோ, உயரத்தைப்போல் 1.85 மடங்கு அகலமான படத்துக்கும் 2.39 மடங்கு அகலமான ஸ்கோப் படத்துக்கும் இடையே தவறான அமைப்பு தேர்வாகியிருக்கிறது. அது ஒரு பொத்தான். ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம்.

ஒலிக்கு வருவோம். "வசனம் புரியவில்லை" என்ற புகாரை நான் எப்போதும் பெரிதாக எடுத்துக்கொள்வேன். ஏனென்றால் அதற்கு இரண்டு வேறு காரணங்கள் உண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்று, மொத்த வால்யூமே குறைவு. அரங்கின் ஒலிக் கருவியில் 0 முதல் 10 வரை ஒரு அளவு இருக்கும். 7 என்பது தரநிலை. ஒலிக்கலவை செய்பவர்கள் 7 வைத்துத்தான் படத்தை முடிக்கிறார்கள். விளம்பரமும் டிரெய்லரும் காதைக் கிழிக்கின்றன என்று யாரோ ஒருவர் சொல்ல, ஊழியர் 5-க்கு இறக்குகிறார். ஏறக்குறைய 7 டெசிபல் போய்விட்டது. டிரெய்லர் முடிந்து படம் தொடங்கும்போது திரும்ப ஏற்ற யாருக்கும் நினைவிருப்பதில்லை. அடுத்த ஷோவும் அதே 5-இல், அடுத்த நாளும் அதே 5-இல். கிசுகிசுப்பாகப் பேசும் இடங்களெல்லாம் ஏசி இரைச்சலுக்குள் மூழ்கிவிடும்.

இன்னொன்று, நடு ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. திரைக்குப் பின்னால் இடம், நடு, வலம் என்று ஸ்பீக்கர்கள் உண்டு. திரையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக ஒலி வெளியே வரும். வசனத்தில் பெரும்பங்கு நடு ஸ்பீக்கரிலிருந்துதான். அதன் ஆம்ப்ளிஃபயரோ, உச்ச ஒலிக்கான பகுதியோ கெட்டால், பாட்டும் சண்டையும் அமர்க்களமாக இருக்கும், பேச்சு மட்டும் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் வரும். ஆகவே புகார் சொல்லும்போது "சத்தம் சரியில்லை" என்று சொல்லாதீர்கள். "இசை தெளிவாக இருக்கிறது, பேச்சு மட்டும் தெளிவாக இல்லை" என்று சொல்லுங்கள். ஓரளவு விவரம் தெரிந்தவருக்கு அந்த ஒரு வாக்கியமே எங்கே கை வைக்க வேண்டும் என்று சொல்லிவிடும். மொத்தச் சத்தமே குறைவு என்று தோன்றினால், "வால்யூம் என்ன அளவில் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். எண்ணைச் சொல்லிக் கேட்கும் பார்வையாளரை அவர்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஷோ தாமதமாவதும், "தொழில்நுட்பக் கோளாறு" என்று சொல்லி நிறுத்திவைப்பதும் தனி விஷயம். இதில் தியேட்டர்காரர் கையில் இல்லாத ஒன்றும் உண்டு. படக் கோப்பு பூட்டப்பட்டு வரும். அதைத் திறக்க விநியோகஸ்தர் தரப்பிலிருந்து ஒரு டிஜிட்டல் சாவி தனியாக வர வேண்டும். அந்தச் சாவி ஒரு குறிப்பிட்ட சர்வருக்கு மட்டும், குறிப்பிட்ட தேதி நேரத்துக்குள் மட்டும் செல்லும். சாவி வர வேண்டிய நேரத்தில் வரவில்லை, நேரம் காலாவதியாகிவிட்டது, சர்வர் பழுதாகி வேறொன்று வைத்தார்கள் என்றால் படம் அசையாது. "பக்கத்துத் திரை காலியாகத்தானே இருக்கிறது, அங்கே போடுங்கள்" என்று பார்வையாளர்கள் சத்தம் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் திரைக்கும் தனிச் சாவி இல்லாமல் போட முடியாது. இதைத் தியேட்டர்காரர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பாதிப்பேர் சமாதானமாகியிருப்பார்கள். சொல்ல மாட்டார்கள். இருட்டில் உட்கார வைத்துவிட்டு எல்லோரும் காணாமல் போவார்கள். என்ன நடக்கிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் உள்ளே வந்து சொன்னால் போதும், அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

அப்படியானால் ஊழியர்கள்? உதட்டைப் பிதுக்கிய அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. டிக்கெட் பணத்தில் ஏறக்குறைய பாதி விநியோகஸ்தருக்குப் போகிறது; வெளியான முதல் வாரங்களில் அதற்கும் மேலே. தின்பண்டக் கவுண்டர் அப்படியில்லை: அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், அங்கே வரும் வருமானத்தில் சரக்குக்கான செலவு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. லாபம் எங்கேயோ ஆளும் அங்கே. பத்துப் பேர் கவுண்டரில் நிற்பார்கள். அரங்குக்குள் போய்ப் பார்க்க ஒருவர் இருக்க மாட்டார். வாசலில் நிற்பவர் பகுதிநேரமாக வேலைக்கு வந்தவர். டிக்கெட்டைப் பார்க்கவும், ஷோ முடிந்ததும் கிடைக்கும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் குப்பை பெருக்கவும் மட்டும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். புரொஜெக்டர் ரூம் சாவி அவரிடம் இல்லை, பணம் திருப்பித்தரும் அதிகாரமும் இல்லை. அவரிடம் கத்தினால் அவமானப்படுவது அவர். நிர்வாகத்தின் காதுக்கு ஒன்றும் எட்டாது. அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இப்போது பொறுப்பில் இருக்கும் மேனேஜர் யார், அவரை இப்போதே வரச்சொல்ல முடியுமா?"

எப்போது என்பது மிக முக்கியம். முதல் பத்து நிமிடத்துக்குள் எழுந்து போக வேண்டும். விளம்பரத்திலேயே படம் கலங்கலாக இருந்தால் அப்போதே போங்கள், படம் தொடங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். முழுப் படத்தையும் பார்த்துவிட்டு வெளியே வந்து பணத்தைக் கேட்டால், "கடைசிவரை உட்கார்ந்திருந்தீர்களே" என்பார்கள். அந்தப் பதில் நியாயமற்றது. சரியாகிவிடும் என்று நம்பி உட்கார்ந்திருந்தவரைத் தண்டிக்கும் பதில் அது. ஆனாலும் பெரும்பாலான நிறுவனங்களின் நடைமுறை அப்படித்தான் இருக்கிறது: முதல் அரை மணி நேரத்துக்குள் கிளம்புபவருக்குப் பணமோ வேறு ஷோவுக்கு டிக்கெட்டோ எளிதில் கிடைக்கும், பிறகு கெஞ்ச வேண்டும். கூட்டமாக வந்திருந்தால் ஒருவர் மட்டும் போகட்டும். பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் "உங்களுக்கும் இப்படித்தான் தெரிகிறதா?" என்று கேட்டு, முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒருவர் சொன்னால் அவர் கண்ணில் கோளாறு என்பார்கள். இருவர் சொன்னால் திரையில் கோளாறு என்று ஒப்புக்கொள்வார்கள்.

மேனேஜர் வந்ததும் வாதம் வேண்டாம். "உள்ளே வந்து ஒரு நிமிடம் பாருங்கள்" என்பது ஒன்றே உங்கள் கோரிக்கையாக இருக்கட்டும். என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பலித்தது இந்த வாக்கியம்தான். கவுண்டரில் நின்று பேசும்வரை உங்கள் சொல் அவர் சொல்லுக்கு எதிர். உள்ளே வந்து கண்ணால் பார்த்துவிட்டால் அவராலும் மறுக்க முடியாது. உள்ளே வர மறுத்தால், மறுத்தார் என்பதையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: ஆதாரம் வேண்டுமென்று திரையைப் படமோ வீடியோவோ எடுக்காதீர்கள். படம் திருடுவதாகச் சொல்லி உங்களையே நிறுத்துவார்கள். பல நாடுகளில் அது சட்டப்படியும் குற்றம். டிக்கெட்டை மட்டும் படம் எடுத்து வையுங்கள்.

வீட்டுக்கு வந்து எழுதும் கடிதத்தில் தேதி, காட்சி நேரம், திரை எண், இருக்கை எண், என்ன கோளாறு, எத்தனை மணிக்கு யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார், உங்களுக்கு என்ன வேண்டும் என்பவை இருக்கட்டும். திரை எண்ணை விட்டுவிடாதீர்கள். பராமரிப்புப் பதிவேடு திரை வாரியாகத்தான் இருக்கும்; "உங்கள் தியேட்டரில் படம் மங்கல்" என்ற கடிதம் யார் மேஜைக்கும் போகாது, "4-ஆம் திரையில் மங்கல்" என்பது டெக்னீஷியனுக்குப் போகும். என்ன வேண்டும் என்பதையும் திட்டமாகச் சொல்லுங்கள். அடுத்த ஷோவுக்கு டிக்கெட்டா, பணமா, கோளாறு சரியானது என்ற உறுதியா? கேட்காத ஒன்றுக்குத்தான் "வருந்துகிறோம்" என்ற பதில் சுலபமாக வருகிறது. மன உளைச்சல் பற்றி இரண்டு பத்தி எழுத வேண்டாம். அது உண்மைதான், எனக்குத் தெரியும். விடுமுறை நாளில் குடும்பத்தோடு கிளம்பி வந்தவருக்கு அது வெறும் டிக்கெட் காசு இல்லை. ஆனால் படிப்பவர் அந்தப் பத்திகளைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவார். விவரத்துக்கு ஆறுதல் சொல்ல முடியாது.

செயலி வழியாக டிக்கெட் எடுத்திருந்தால் தியேட்டர் செயலியைக் கைகாட்டும், செயலி தியேட்டரைக் கைகாட்டும். இருவருக்கும் ஒரே மின்னஞ்சலாக, இருவர் பெயரும் தெரியும்படி அனுப்புங்கள். ஷோவே நடக்கவில்லை, அப்படியும் பணம் வரவில்லை என்றால் கார்டு கொடுத்த வங்கியில் அந்தத் தொகையை மறுத்து முறையிடும் வசதி பொதுவாக உண்டு. அதற்குக் காலக்கெடு இருப்பதால் தள்ளிப்போடாதீர்கள். ஒரே இருக்கை இருவருக்கு விழுவது பெரும்பாலும் கடைசி நேரத்தில் ஷோவை வேறு திரைக்கு மாற்றும்போது நடப்பது, இரண்டு அரங்கின் இருக்கை வரிசையும் ஒன்றாக இருக்காது. அங்கே உங்களோடு சண்டை போடுபவர் உங்களைப்போலவே ஏமாந்தவர்.

இன்னொரு கூட்டத்தின் புகார் யார் காதிலும் விழுவதில்லை. காது சரியாகக் கேட்காதவர்களுக்கும் பார்வை இல்லாதவர்களுக்கும் பல படங்களில் தனி ஒலித்தடங்கள் சேர்ந்தே வருகின்றன. கோப்பில் வழக்கமாக 7-ஆம் தடம் வசனத்தைத் தூக்கிக் கொடுப்பது, 8-ஆம் தடம் காட்சியை விவரித்துச் சொல்வது. படத்தோடு கூடவே வந்து சர்வரில் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கேட்க வேண்டிய ஹெட்ஃபோன் கருவி சார்ஜ் இல்லாமல் ஏதோ அலமாரியில் கிடக்கும்; அப்படி ஒன்று இருப்பதே கவுண்டரில் நிற்பவருக்குத் தெரியாது. மங்கலான படத்தைப் பார்த்தவர் குறைந்தது படம் பார்த்தார். இவர் வாசலோடு திரும்பிப் போகிறார். செலவழித்து வாங்கிய கருவியை இரவில் சார்ஜில் போட ஒருவரைப் பொறுப்பாக்காத அலட்சியத்தை என்னால் மன்னிக்க முடிவதில்லை. உங்களுக்குத் தேவையில்லாவிட்டாலும் ஒருநாள் கேட்டுப் பாருங்கள், அந்தக் கருவி எங்கே என்று. கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அலமாரி திறக்கும்.

போன் பார்ப்பவர், சத்தமாகப் பேசுபவர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 48 நிட்ஸ் திரைக்கு முன்னால், முழு வெளிச்சத்தில் வைத்த போன் பத்து மடங்குக்கு மேல் பளிச்சிடும். கண் கூசுவது உங்கள் பொறுமைக் குறைவால் இல்லை. நீங்களே போய் அதட்ட வேண்டாம். அதைச் சொல்வது அரங்கு ஊழியரின் வேலை, இருட்டில் இரண்டு பார்வையாளர்கள் மோதிக்கொள்ள விடுவது நிர்வாகத்தின் தவறு.

ஒன்றை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவசர வழிக் கதவு பூட்டியிருந்தால், நடைவழியில் கூடுதல் நாற்காலி போட்டிருந்தால், வெளியேறும் வழி விளக்கு எரியவில்லை என்றால், அது சேவைக் குறைபாடு இல்லை. 1903-இல் சிகாகோவின் இராக்வா அரங்கில் தீப்பிடித்து 602 பேர் இறந்தார்கள். பூட்டிய கதவுகளும் திறக்கத் தெரியாத தாழ்ப்பாள்களும் அதில் பெரும்பங்கு. உள்ளிருந்து தள்ளினாலே திறக்கும் குறுக்குக் கம்பிக் கதவுகள் அதற்குப் பிறகே பரவின. 1997-இல் டெல்லி உபகார் தியேட்டர் தீ விபத்தில் 59 பேர் இறந்தபோதும் வெளியேறும் வழி அடைபட்டிருந்தது. இப்படி எதையாவது பார்த்தால் மேனேஜரிடம் சொல்லிவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திராமல் உங்கள் ஊர் தீயணைப்புத் துறைக்கு அன்றைக்கே எழுதுங்கள்.

தியேட்டர் நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால்: ஒவ்வொரு ஷோவிலும் படம் தொடங்கிய ஐந்தாவது நிமிடம் ஒருவர் உள்ளே போய்ப் பின்வரிசையில் நின்று பார்த்துவிட்டு வரட்டும். இருக்கையிலிருந்தே குறுஞ்செய்தி அனுப்ப ஒரு எண்ணைத் திரையில் காட்டுங்கள், அதை யாராவது உண்மையிலேயே பார்க்கட்டும். மாதம் ஒருமுறை மீட்டர் வைத்து வெளிச்சத்தை அளந்து எழுதி வையுங்கள். வாசலில் நிற்பவருக்கு, மேனேஜரைக் கேட்காமலே அடுத்த ஷோ டிக்கெட் எழுதித்தரும் உரிமையைக் கொடுங்கள். புதிய முன்கூடமும் சாய்வு நாற்காலியும் போடும் செலவில் இது எத்தனை சிறு பங்கு என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் விஷயத்துக்கு: இன்னும் நாள் கடந்துவிடவில்லை என்றால் டிக்கெட்டைத் தேடி எடுத்து, மேலே சொன்னபடி திரை எண்ணோடு ஒரு கடிதம் எழுதுங்கள். கூடவே இரண்டு கேள்விகள் கேளுங்கள். அந்தத் திரையில் லேம்ப் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? வெளிச்சம் கடைசியாக எப்போது அளந்தீர்கள், எத்தனை வந்தது? இரண்டு வாரம் பாருங்கள். தேதியும் எண்ணும் வந்தால் அங்கே வேலை தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று பொருள், மறுபடி போய்ப் பார்க்கலாம். திரும்பவும் அதே "வருந்துகிறோம்" வந்தால், அடுத்த படத்துக்கு வேறு தியேட்டரைப் பாருங்கள். அங்கே டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் இதே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டு எடுங்கள்.